பலெர்மோவில் சட்டப்படி கஞ்சா வாங்குவது எப்படி: புதிதாய் வந்த தம்பிக்கு ஒரு வழிகாட்டி

தம்பி, நீர் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து மூன்று மாதம் முடியவில்லை. பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது வதிவிட அனுமதிக்கு, விண்ணப்பித்த தபால்கந்தோர் ரசீதை இன்னும் சாமிப்படத்தோடு சேர்த்துப் பேர்சுக்குள் மடித்து வைத்திருக்கிறீர். போன ஞாயிறு இந்த ஊர்க் காவற்புனிதை சாந்தா ரோசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறும்போது, பாதி வழியில் மூச்சு வாங்க நின்று, என் காதுக்குள் கேட்டீர்: "அண்ணை, இஞ்ச கஞ்சா லீகலோ?"

கோயிலுக்குப் போகிற வழியில் கேட்கிற கேள்வியா என்று நான் கோபிக்கவில்லை. வேதக்காரரும் சைவக்காரரும் ஒரே படியில் ஏறி ஒரே குகைக்குள் கும்பிடுகிற சனம் நாங்கள். எங்களுக்குள் எந்தக் கேள்விக்கும் இடம் உண்டு. ஆனால் மறுமொழி ஒரு மலை ஏற்றத்துக்குள் அடங்காது. அதுதான் எழுதித் தருகிறேன். ஆறுதலாய் வாசியும். வாசித்து முடிப்பதற்குள் சட்டம் மாறினால் நான் பொறுப்பில்லை.

படி 1: பெயரைச் சரியாய்ச் சொல்லப் பழகும்

ஊரில் எங்களுக்கு ஒரே சொல்தான். செடியாய் நின்றாலும் கஞ்சா, லேகியத்துக்குள் அரைபட்டாலும் கஞ்சா. பருத்தித்துறைக் கரையில் பொதி பொதியாய்ப் பிடித்து, அடுக்கிவைத்துப் படம் எடுத்துப் பேப்பரில் போட்டால் "கேரள கஞ்சா". இங்கே ஒரே செடிக்கு இரண்டு பரம்பரை. "கானபா" என்றால் கண்ணியம்: கிழவிமாரின் சீதனப் பெட்டியில் கிடக்கிற முரட்டு விரிப்பு, கப்பல் பாய், கயிறு. போன நூற்றாண்டின் முதற்பாதியில் சோவியத் ஒன்றியத்துக்கு அடுத்தபடி உலகத்திலேயே அதிகம் கானபா பயிரிட்ட நாடு இத்தாலி. "எர்பா" என்றால், அதாவது புல் என்றால், பொலிஸ்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. கோடு செடியில் இல்லை, ஆய்வுகூடத்துக் கடுதாசியில் இருக்கிறது. தலை சுற்ற வைக்கிற பொருளுக்கு டிஹெச்சி என்று பெயர். அது நூற்றுக்கு 0.2க்குள் இருந்தால் கானபா. வெயில் கூடிப்போய் 0.6 வரை ஏறினாலும் கமக்காரனைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அதைத் தாண்டினால் பயிரை அழிக்கலாம், ஆனால் கமக்காரனை உள்ளே போட மாட்டார்கள். இதுதான் 2016 டிசம்பர் 2ஆம் திகதிய 242ஆம் இலக்கச் சட்டம். 2017 ஜனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நல்ல மனிசர். இந்தச் செடியை எதற்கெல்லாம் பாவிக்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். சாப்பாட்டுக்கு, அழகுசாதனத்துக்கு, நாருக்கு, வீடு கட்ட, பசளைக்கு, கெட்டுப்போன மண்ணைச் சுத்தப்படுத்த. பூவை விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கலியாண வீட்டில் ஆர் ஆருக்கு எந்தக் கதிரை என்று ஒற்றையில் குறித்துவிட்டு, மாப்பிள்ளையை எங்கே இருத்துவதென்று எழுத மறந்த கதை. இந்தச் செடியில் மனிசர் காசு கொடுத்து வாங்க விரும்புகிற ஒரே உறுப்பு பூதான்.

இத்தாலியில் "சட்டபூர்வமாக்கல்" என்று பெரிதாய்க் கதைக்கிறார்களே, அது இந்த மறதியின் பிள்ளை. அரசாங்கம் யோசித்து அனுமதி தரவில்லை, எழுதாமல் விட்டது. எழுதாமல் விட்ட இடத்தில் கடை முளைத்தது. நான் மேற்கொண்டு சொல்லப்போகிற விலை, விதி, வில்லங்கம் எல்லாம் அந்த வெற்று வரியிலிருந்து வந்தவை.

படி 2: எதற்கு வாங்குகிறீர் என்று சொல்லாதேயும்

2017க்குப் பிறகு நாடு முழுக்கப் பச்சை இலைப் பலகை போட்ட கடைகள் திறந்தன. பூவைச் சின்னப் போத்தலில் அடைத்து, "கன்னாபிஸ் லைட்" என்று பெயர் வைத்தார்கள். இரவில் கடை பூட்டியிருந்தாலும் வாசலில் ஒரு மெஷின் நிற்கும். கோலா எடுக்கிற மாதிரிக் காசைப் போட்டு எடுக்கலாம்.

போத்தலை எடுத்துப் பின்பக்கம் வாசியும். ஒன்றில் "தொழில்நுட்பப் பாவனைக்கு" என்றிருக்கும். இன்னொன்றில் "சேகரிப்பாளருக்கு". வேறொன்றில் "அறைக்கு நறுமணமூட்டி". எல்லாவற்றிலும் பொதுவாய் ஒரு வரி: எரிக்கக் கூடாது, உண்ணக் கூடாது. கடைக்காரப் பெடியன் உமது முகத்தைப் பார்ப்பான். நீர் அவனுடைய முகத்தைப் பாரும். அவன் பின்னால் உள்ள அலுமாரியில் சுருட்டுக் கடதாசி, அரைக்கிற கருவி, நெருப்புப்பெட்டி எல்லாம் இருக்கும். அவற்றையும் நீர் சேகரிக்கலாம்.

இப்போது நீர் ஒரு சேகரிப்பாளர். முத்திரை சேர்க்கிறவன் மாதிரி, பழைய நாணயம் சேர்க்கிறவன் மாதிரி. "இது எப்படி இருக்கும், நல்லாய் ஏறுமோ?" என்று கேட்டீரோ, காரியம் கெட்டது. "இந்த ரகத்தின் வாசம் என் வரவேற்பறைத் திரைச்சீலைக்குப் பொருந்துமா?" என்று கேளும். பெடியன் எலுமிச்சை வாசம், பைன்மர வாசம் என்று வரிசையாய் எடுத்துக் காட்டுவான். நானும் ஒருமுறை போனேன், பார்க்கத்தான். பூ ஊரில் பார்த்த அதே பூ. மணமும் அதே மணம். அம்மம்மா வீட்டுப் பின்வளவில் சாமியாரொருவர் இருந்தார், அவர் ஞாபகம் வந்தது. கடைக்காரன் சத்தியம் பண்ணினான்: "சிஞ்ஞோர், இதில் ஒன்றும் இல்லை."

படி 2, 2019ஆம் ஆண்டுத் திருத்தம்

அந்தச் சத்தியம் பிறகு சட்டமாகிவிட்டது.

2019 மே மாதத்தில் அப்போதைய உள்துறை அமைச்சர் மத்தேயோ சல்வீனி, தெருத் தெருவாய், கடை கடையாய் இவற்றைப் பூட்டப்போகிறேன் என்று போர் அறிவித்தார். அந்த மாதம் 30ஆம் திகதி ரோமில் உச்ச மேல்முறையீட்டு மன்றத்தின் ஒருங்கிணைந்த அமர்வு கூடித் தீர்ப்புச் சொன்னது: பூ, இலை, எண்ணெய், பிசின் எதையும் விற்பது குற்றம். அடுத்த மூச்சில் ஒரு விதிவிலக்கு: உண்மையில் போதை தருகிற சக்தி அற்றதாய் இருந்தால் ஒழிய.

விளங்குதா? வேலை செய்தால் குற்றம், வேலை செய்யாவிட்டால் வியாபாரம். உலகத்தில் எந்த வியாபாரியும் தன்னுடைய சாமான் வேலை செய்யும் என்றுதான் நிரூபிக்க ஓடித் திரிவான். இங்கே கடைக்காரன் ஆய்வுகூடச் சான்றிதழைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டி, தன் சரக்கால் ஒரு பயனும் இல்லை என்று வழக்கறிஞர் மூலம் நிறுவ வேண்டும்.

பலெர்மோக்காரருக்கு இது பெரிய அதிசயம் இல்லை. பல்லாரோ சந்தைப்பக்கம் போனால் மூன்று சில்லு வண்டியில் ஸ்ஃபிஞ்சோனே விற்கிறவனின் ஒலிபெருக்கி கேட்கும். தக்காளியும் வெங்காயமும் போட்ட தடித்த ரொட்டி அது. அவன் என்ன கூவுகிறான் என்று காது கொடுத்துக் கேளும்: எண்ணெய் குறைவாம், தூசி நிறையவாம். தன் சாமானைத் தானே பழித்து விற்கிற ஊர் இது. அந்தக் கூவலுக்கு இங்கே அப்பன்னியாத்தா என்று பெயர். அரபுக்காரர் காலத்திலிருந்து வருகிற சந்தைக் கலை என்பார்கள். கன்னாபிஸ் லைட் கடைக்காரனும் அந்தப் பரம்பரைதான், கூவாமல் அச்சடித்து ஒட்டினான், அவ்வளவே.

படி 3: விலையைக் கேட்டு அதிர்ச்சி அடையாதேயும்

பூவுக்கு இங்கே மூன்று கவுண்டர் உண்டு. கடைக் கவுண்டரில், நல்ல ரகமென்றால், கிராம் பத்து யூரோவை ஒட்டி. மருந்துக்கடைக் கவுண்டரில், அமைச்சு 2017இல் நிர்ணயித்த அடிப்படை விலை கிராம் 9 யூரோ, வரியும் கூலியும் தனி. மூன்றாவது கவுண்டர் தெருமுனை. அங்கே விலைப்பட்டியல் ஒட்டுவதில்லை, ஆனால் இத்தாலியில் பொதுவாய்ச் சொல்கிற விலை அதுவும் பத்து யூரோவுக்குக் கிட்டத்தான்.

ஆக, ஏறினாலும் பத்து, ஏறாவிட்டாலும் பத்து, வைத்தியர் எழுதித் தந்தாலும் பத்து. ஒரே விலைக்கு மூன்று வேறு சாமான். கடையில் நீர் வாங்குவது பயமில்லாத மனத்தை. பூ அதற்கு மேல் சுற்றின பொட்டலம். பெறுமதிசேர் வரி 22 வீதம், ஆய்வுகூடச் செலவு, கடை வாடகை, சான்றிதழ்ச் சட்டகம் எல்லாம் அந்தப் பத்துக்குள் அடக்கம். தெருமுனைக்காரனுக்கு இந்தச் செலவு ஒன்றும் இல்லை. அவனுடைய பத்துக்குள் இருப்பது மறியல் பயமும், மேலே இருக்கிறவனின் பங்கும்.

மேலே இருக்கிறவன் ஆர் என்று கேட்காதேயும். இது பலெர்மோ. பக்கத்தில் பார்தினிக்கோ என்று ஒரு ஊர், திராட்சைக்கும் வைனுக்கும் பெயர்போனது. அந்தப் பக்கத்துக் கண்ணாடி வீடுகளுக்குள் தக்காளிக்குப் பதிலாய் வேறொன்று ஆளுயரம் நிற்கிறதைக் கரபினியேரிப் பொலிஸ் கண்டுபிடிக்கிற செய்தி ஆண்டுதோறும் வரும். எங்கள் ஊர்க் கரையோரச் செய்தி மாதிரியே: அதே அடுக்கு, அதே படம்.

இதில் ஒரு வேடிக்கை. கர்யேரி, மாதியோ, பிரின்சிப்பே என்று மூன்று பொருளியலாளர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். லைட் கடைகள் வந்த இடங்களில் பிடிபடுகிற கள்ளக் கஞ்சா குறைந்திருக்கிறது என்றும், குற்றக் குழுக்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 90 முதல் 170 மில்லியன் யூரோ வரை நட்டம் என்றும் 2019இல் எழுதினார்கள். மறுபடி வாசியும். ஒரு வேலையும் செய்யாத பூ, மாஃபியாவின் பொக்கெற்றில் கை வைத்தது. நீதிபதிமாரும் பொலிஸ்மாரும் உயிரைக் கொடுத்துச் செய்கிற வேலையில் ஒரு துளியை, அறை நறுமணமூட்டி செய்தது. அதற்கு ஆரும் பதக்கம் குத்தவில்லை. அந்தக் கடைகளுக்குப் பிறகு என்ன நடந்ததென்று ஏழாம் படியில் வருகிறது.

முழுதாய் அனுமதித்த நாடுகளில் விலை விழுந்துவிடும் என்று நினைக்கிறீரா? உடனே விழாது. ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சானைக் கேளும். கனடா 2018 ஒக்டோபர் 17இல் திறந்துவிட்டது. ஒன்ராறியோவில் தெருக் கடைகள் திறக்க 2019 ஏப்ரல் வரை காக்க வேண்டியிருந்தது. முதலில் கொடுத்த 25 அனுமதிகளையும் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள், சீட்டுப் பிடிக்கிற மாதிரி. அந்த ஆண்டில் சட்டக் கடை விலை கிராமுக்குப் பத்து டொலரைத் தாண்டி நிற்க, கள்ள விலை ஆறு டொலருக்குக் கீழே இறங்கியது. போட்டி வந்ததும் முதலில் விலை குறைத்தவன் கள்ளன். பிறகு கடைகள் பெருகப் பெருகச் சட்ட விலையும் இறங்கியது. இப்போது தோசைக்கடை, நகைக்கடை, கஞ்சாக்கடை மூன்றும் ஒரே பிளாசாவில் இருக்கிறதாம். வாகனம் நிறுத்த இடமில்லை என்பதுதான் மச்சானுடைய ஒரே முறைப்பாடு.

ஜெர்மனியில் உமது சித்தப்பா இருக்கிறார். அங்கே 2024 ஏப்ரல் 1 முதல் 25 கிராம் கையில் வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம், ஆனால் வாங்கக் கடை இல்லை. சங்கம் அமைத்து, அங்கத்தவராய்ச் சேர்ந்து, சேர்ந்து வளர்த்துப் பங்கிட வேண்டும். அங்கத்தவர் 500க்கு மேல் கூடாது. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் மாதிரித்தான். பொதுக்கூட்டம், கணக்கறிக்கை, பொருளாளர் தெரிவு எல்லாம் இருக்கும். எங்கள் ஆட்கள் சேர்ந்தால் இரண்டாம் மாதம் சங்கம் இரண்டாய்ப் பிரியும். கடல் தாண்டினால் மால்டா, சிசிலியிலிருந்து நூறு கிலோமீற்றர்கூட இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்தில் முதன்முதல் 2021இல் அனுமதித்தது அதுதான். படகேறிப் போய்ப் பார்க்கலாம். திரும்பும்போது கையை வீசிக்கொண்டு வாரும்.

படி 4: வயதாகும் வரை பொறும், நோயும் வரட்டும்

சரியான, முழுக்க முழுக்கச் சட்டமான, ஏறக்கூடிய சாமான் வேண்டுமா? இராணுவத்திடம் கேளும்.

பகிடி இல்லை. புளோரன்ஸ் நகரில் இராணுவ மருந்துத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. 1853இல் தூரினில் தொடங்கி, பிறகு இடம் மாறியது. ஆரும் செய்ய முன்வராத அரிய மருந்துகளைச் செய்கிற இடம். அங்கே சீருடைக்காரரின் மேற்பார்வையில் கஞ்சா வளர்கிறது. பெயர் எஃப்எம்2. அந்த எழுத்துகளைக் கேட்டால் வானொலி நிலையம் என்று நினைப்பீர். டிஹெச்சி நூற்றுக்கு 5 முதல் 8 வரை. கடைக்காரனை நீதிமன்றத்துக்கு இழுக்கிற 0.6 எங்கே, இராணுவத்தின் 8 எங்கே!

நான் பராமரிக்கிற சிஞ்ஞோராவுக்கு, அதாவது வீட்டு அம்மாவுக்கு, எண்பத்துநான்கு வயது. நரம்பு வலி. இரவில் கால் எரிகிறதென்று அழுவா. மாத்திரைகள் எல்லாம் மாற்றிப் பார்த்த பிறகு நோவுக்கான வைத்தியர் கன்னாபிஸ் எழுதினார். சீட்டில் சிஞ்ஞோராவின் பெயர் இல்லை. பெயருக்குப் பதிலாய் ஒரு குறியீடு, ஏன் எழுதுகிறேன் என்று ஒரு விளக்கம். மருந்துக்கடை எல்லாவற்றிலும் இது கிடையாது. கையால் மருந்து கலக்கத் தெரிந்த, அதற்கு மனமுள்ள கடையாய்த் தேட வேண்டும். தேடினேன். முதலாவது கடையில் மருந்தாளர் சீட்டைப் பார்த்துத் தலையைப் பின்னால் எறிந்து நாக்கால் "ட்ச்" என்றார். சிசிலிக்காரன் "இல்லை" என்று வாயால் சொல்ல மாட்டான், அந்த "ட்ச்" தான். நாங்கள் "ப்ச்" கொட்டுவது போல. மொழி தெரியாத காலத்திலேயே எனக்கு விளங்கிய முதல் இத்தாலிய வசனம் அது. இரண்டாவது கடையிலும் "ட்ச்". மூன்றாவது கடையில் சரக்கு முடிந்துவிட்டது, எப்போது வருமென்று தெரியாது. தேவை கூட, விளைச்சல் குறைவு, ஒல்லாந்திலிருந்து வருவதும் போதாது. இது ஆண்டுதோறும் நடக்கிற தட்டுப்பாடு. இராணுவம் வளர்த்தால் தட்டுப்பாடு வராமல் இருக்குமா?

நாலாவது கடையில் கிடைத்தது. சின்னச் சின்னப் பொட்டலமாய் நிறுத்துக் கட்டித் தந்தார்கள், பேதிக்கு ஊரில் பரியாரி கட்டித் தருகிற சூரணம் மாதிரி. எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். மருந்தாளர் சொன்ன முறை: தண்ணீரில் போட்டு, மூடி, சின்ன நெருப்பில் காய்ச்சி, வடித்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும்.

தம்பி, அது கசாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மருத்துவ விஞ்ஞானம், இத்தாலிய சுகாதார அமைச்சு, இராணுவம், நோவு வைத்தியர், குறியீட்டு எண் எல்லாம் ஒன்று கூடி என் கையில் தந்தது ஒரு கசாயம். எங்கள் அப்புவுக்கு இது ஒரு சீட்டும் இல்லாமல் தெரிந்திருந்தது.

காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிசிலி மாகாணம் 2020 ஜனவரியில், குறித்த சில நோய்களுக்கு இதை இலவசமாய்க் கொடுக்கலாம் என்று ஆணை போட்டது. நாட்பட்ட நரம்பு வலி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பொது மருத்துவமனை வைத்தியர் எழுத வேண்டும், அவரைச் சந்திக்க வரிசை இருக்கிறது, வரிசை நீளம். தனியார் வைத்தியர் எழுதினால் அடுத்த கிழமை மருந்து வரும், முழுக்காசும் கட்ட வேண்டும். நோவு எவ்வளவு காலம் பொறுக்கும் என்பதைப் பொறுத்து உமது விலையைத் தெரிவு செய்யும்.

படி 5: வீட்டில் வளர்க்கலாம், கெட்டிக்காரனாய் இருக்கக் கூடாது

விதை விற்பது இங்கே குற்றம் இல்லை. 1961இன் ஐ.நா. உடன்படிக்கையே விதையைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் விதையையும் பூவில்லாத இலையையும் விட்டுவிட்டதால்தான் வடநாட்டில் அனுமதி பெற்ற பாங்குக் கடையில் லஸ்ஸி ஊற்றுகிறார்கள். ஆக விதையை வாங்கும். அதுவும் "சேகரிப்பாளருக்கு". கண்ணாடிக்குள் வைத்துப் பாரும். ஈரம் பட்டு முளைத்துவிட்டால் உமது சேகரிப்புக் கெட்டுவிட்டது, வழக்கறிஞரைக் கூப்பிடும்.

2019 டிசம்பர் 19இல் அதே உச்ச மன்றம் ஒரு சலுகை கொடுத்தது. வீட்டில், மிகச் சில செடி, மிகக் குறைந்த விளைச்சல், தன் சொந்தப் பாவனைக்கு மட்டும், அதுவும் பாமரத்தனமான முறையில் வளர்த்தால் அது குற்றச்செயல் ஆகாது. செடி எத்தனை என்று எண் சொல்லவில்லை. அந்தப் பாமரத்தனம் என்ற சொல்லைக் கவனியும். விளக்கு, மின்விசிறி, கணக்காய்ப் பசளை வைத்தால் நீர் தொழில்காரர். மறந்து போய்த் தண்ணீர் விடாமல், பாதி பழுத்து, இலை சுருண்டு நின்றால் நீர் நிரபராதி.

யாழ்ப்பாணத்தானுக்கு இது சரிவராது. புகையிலைக்கு விடிய நாலு மணிக்குத் துலா மிதித்து, ஒவ்வொரு கன்றுக்கும் கையால் கெட்டு முறித்து, இலை கணக்கு வைத்து வளர்த்த பரம்பரை. எங்கள் கை பட்டால் இரண்டு செடியும் கூரையை முட்டும். நீதிபதி படத்தைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதிவிடுவார்.

படி 6: மக்களிடம் கேட்கலாம் என்று நினைக்காதேயும்

2021 செப்டெம்பரில், கஞ்சாவைப் பற்றி வாக்கெடுப்பு வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். இணையத்தில் கையெழுத்து, ஒரு கிழமைக்குள் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. 2022 பெப்ரவரி 16இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வாக்கெடுப்பு வைக்க முடியாது என்றது. அதன் அப்போதைய தலைவர் ஜூலியானோ அமாத்தோ சொன்ன காரணம்: கேள்வி எழுதப்பட்ட விதத்தில் அது கஞ்சாவை விட்டுக் கடும் போதைப்பொருள்களைத் தொடுகிறது. பந்தியின் இலக்கம் பிசகிப் போச்சு. முதலில் எழுத மறந்தவர்கள், பிறகு பிழையாய் எழுதினவர்கள்.

படி 7: இரண்டாம் படியைக் கிழித்து எறியும்

2025 ஏப்ரல் 11இல் ஜோர்ஜா மெலோனியின் அரசாங்கம் பாதுகாப்பு ஆணை ஒன்றைக் கொண்டுவந்தது. ஜூன் 9இல் அது 80ஆம் இலக்கச் சட்டமானது. சிறை, குடியிருப்பு, ஆர்ப்பாட்டம் என்று பெரிய விசயங்களுக்கு நடுவே 18ஆம் உறுப்பு. ஒன்பது ஆண்டுக்கு முன் எழுதாமல் விட்ட பூவை இந்தமுறை எழுதினார்கள். கானபாப் பூவை இறக்குவது, கைமாற்றுவது, பதனிடுவது, பரப்புவது, விற்பது, ஏற்றிச் செல்வது, அனுப்புவது, கொண்டுபோய்க் கொடுப்பது. முழுப்பூவாய் இருந்தாலும், காய்ந்திருந்தாலும், தூளாய் இருந்தாலும். அதிலிருந்து எடுத்த எண்ணெயும் பிசினும் சேர்த்து. கனவு காண்பதை மட்டும் பட்டியலில் காணவில்லை. டிஹெச்சி எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. பூ என்றால் போதும், போதைப்பொருள் சட்டம் பாயும்.

காரணமும் எழுதியிருக்கிறார்கள்: மனிசரின் மனநிலையையும் உடல்நிலையையும் மாற்றி வீதிப் பாதுகாப்புக்கு ஆபத்து வரக்கூடும். எட்டு ஆண்டாய்க் கடைக்காரன் "இதில் ஒன்றும் இல்லை" என்று சத்தியம் பண்ணிச் சட்டகத்தில் மாட்டியிருந்தான். அரசாங்கம் ஒன்றுதான் அவனுடைய சரக்கை நம்பியது.

உச்ச மன்றத்தின் ஆராய்ச்சிப் பிரிவே அந்த ஜூனில் இந்த ஆணையைப் பற்றி நீளமாய்ச் சந்தேகம் எழுப்பி அறிக்கை எழுதியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2020இலேயே, ஒரு உறுப்பு நாட்டில் சட்டப்படி செய்த சிபிடியை இன்னொரு நாடு ஆதாரமில்லாமல் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. சிபிடி என்பது இதே செடியின் தலை சுற்றாத பொருள். அந்தச் சிபிடி எண்ணெயை 2020, 2023, 2024 என்று மூன்று தடவை மருந்துப் பட்டியலுக்குள் இழுக்க ஆணை போட்டு, மூன்று தடவையும் இழுபறி. ஆகவே வழக்குகள் நடக்கின்றன. சில கடைகள் பூட்டின. சில கடைகள் பலகையைத் திருப்பி மாட்டின. அன்று எனக்கு வாசம் காட்டிய பெடியனை அண்மையில் கண்டேன். கானபா விதை போட்ட பஸ்தா, கானபா நார்ச் சேட்டு, கானபாச் சவர்க்காரம் அடுக்கி வைத்திருந்தான். "இது எல்லாம் சாப்பிடலாம், உடுக்கலாம், குளிக்கலாம்," என்றான். முதன்முறையாய்ப் பாவனையைச் சொல்லி ஒரு சாமான் விற்கிறான். பழக்கம் இல்லாததால் குரல் தடுமாறியது.

தெருமுனைக்காரனுக்கு எந்தத் திருத்தமும் எட்டவில்லை. அவனுடைய விலை அதேதான்.

படி 8: பெர்மெஸ்ஸோவை நினையும்

இது பகிடி இல்லாத படி. தன் பாவனைக்குக் கொஞ்சம் வைத்திருந்தால் இத்தாலியில் மறியல் இல்லை. 1990ஆம் ஆண்டின் 309ஆம் இலக்கச் சட்டம், 75ஆம் உறுப்பு. அரச அதிபர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு இருத்திக் கதைப்பார்கள். பிறகு ஒரு மாதம் தொடக்கம் மூன்று மாதம் வரை ஓட்டுநர் அனுமதியையோ கடவுச்சீட்டையோ நிறுத்தி வைக்கலாம். இத்தாலிக்காரப் பெடியனுக்கு அது ஒரு கோடைகாலம் வீணாய்ப் போன கதை. இங்கே பார்க்க வந்திருக்கிற உமது ஒன்றுவிட்ட தம்பிக்குச் சுற்றுலா அனுமதியையே நிறுத்தி வைக்கலாம் என்று அதே உறுப்பில் தனியாய் எழுதியிருக்கிறது. அதை மறக்காமல் எழுதியிருக்கிறார்கள் பாரும்.

விற்றுப் பிடிபட்டால் கதை வேறு. முன்பெல்லாம் சின்ன அளவு விற்றுத் தண்டனை பெற்றவனுக்கும் பெர்மெஸ்ஸோ தானாகவே நின்றுவிடும். இருபது ஆண்டு வேலை செய்திருந்தாலும் கேள்வியில்லை. 2023இல் அரசியலமைப்பு நீதிமன்றம், 88ஆம் இலக்கத் தீர்ப்பில், சின்னக் குற்றத்துக்கு அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்க முடியாது, ஆளைப் பார்க்க வேண்டும் என்றது. பார்ப்பார்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது, தருவார்கள் என்று சொல்லவில்லை. இனி வாகனம். 2024 டிசம்பர் 14 முதல் வீதிச் சட்டத்தில் "நிதானம் மாறிய நிலையில்" என்ற சொற்களையே எடுத்துவிட்டார்கள். எப்போது எடுத்ததென்று பார்க்காமல் பரிசோதனையில் காட்டினால் போதும் என்று எழுதினார்கள். வைத்தியர் எழுதிக் குடிக்கிறவர்கள் எல்லாம் வாகனத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். சிஞ்ஞோரா நல்லவேளை வாகனம் ஓட்டுவதில்லை.

அவ கசாயம் குடித்தாவா என்று கேட்பீர். முதல் நாள் அரைக் கோப்பை கொடுத்தேன். மணந்து பார்த்தா, ஒரு வாய் வைத்தா, முகத்தைச் சுளித்துக் கோப்பையைத் தள்ளி வைத்தா. சீனி போட்டுக் கொடுத்தேன். பிறகு தேன் விட்டேன். மூன்றாம் நாள் எனக்கு ஊர் ஞாபகம் வந்து, கொஞ்சம் இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டு, வடித்துக் கொடுத்தேன். முழுக்கக் குடித்துவிட்டு, இதை எந்த மருந்துக்கடையில் வாங்கினாய், இனி அங்கேயே வாங்கு என்றா. அன்று இரவு நித்திரை கொண்டா. மருந்தாளரிடம் கொத்தமல்லியைப் பற்றி நான் சொல்லவில்லை. அமைச்சின் முறையில் அது இல்லை.